மீதிப் பாதி எங்கே?

அன்புள்ள மகளுக்கு,

நீ ஏற்பாடு செய்த நர்ஸ் பெண்ணைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. ஆள் சரியில்லை.

காலமெல்லாம் கிடங்கு காத்தவன் நான். சரக்கு குறைந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. முழுசாகப் போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையை இப்போது பாதியாக உடைத்துத் தருகிறாள். மீதிப் பாதி எங்கே போகிறது?

கேட்டால், "டாக்டர்தான் குறைக்கச் சொன்னாரு தாத்தா. நீங்க எழுந்து நின்னா பிரஷர் கிடுகிடுன்னு இறங்கிடுது. அதான் அன்னிக்கு விழுந்தீங்க" என்கிறாள். குளியலறையில் நான் விழவில்லை. உட்கார்ந்தேன். உன்னிடமும் நான் விழுந்ததாகத்தான் சொல்லியிருப்பாள்.

படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை பிரஷர் பார்க்கிறாள். ஒரே கைக்கு எதற்கு இரண்டு கணக்கு?

நேற்று சமையலறையில் யாரிடமோ போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கட்டிலிலிருந்து எழுந்து, சுவரைக்கூடத் தொடாமல், பூனை மாதிரி போய் வாசற்படியில் நின்றேன். திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"தாத்தா, கைத்தடி எங்க? தலை சுத்தலையா?"

கைத்தடி கட்டிலோரமே இருந்தது. தலையும் சுற்றவில்லை.

அவசரப்பட்டு அவளை நிறுத்திவிடாதே. இப்படிப்பட்டவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கவனிக்க வேண்டும். நாளைக்குத் தெருமுனை வரை நடந்துவிட்டு வரலாம் என்கிறாள். என்ன திட்டமோ தெரியவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு கூடவே போய்ப் பார்த்துவிடுகிறேன்.

ஏமாறாத,
உன் அப்பா