சூப்பர்வைசர் குட்டி போட்ட இடம்

அன்புள்ள வாயாடிக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் சித்தி சுகம், ரிப்பேர் கடையும் சுகம், என் வலது கையில் மட்டும் ஏழு கீறல், அதுவும் ஆறிக்கொண்டு வருகிறது. நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும், குளிருக்குப் பயந்து குளிக்காமல் இருக்கக் கூடாது. அண்ணனும் அண்ணியும் போன பிறகு எட்டு வயசில் உன்னைக் கூட்டிவந்தபோது எனக்கு இருபத்திரண்டு, சோறு வடிக்கக்கூடத் தெரியாது, ஆனால் அன்றிலிருந்து உன்னிடம் எதையும் மறைத்ததில்லை, இதையும் மறைக்கப் போவதில்லை. போனில் சொன்னால் முதல் வரியில் அழுவாய், இரண்டாம் வரியில் திட்டுவாய், மூன்றாம் வரி என் வாயிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

நீ சூப்பர்வைசர் என்று பேர் வைத்தாயே, ஜன்னல் வழியாகக் கடைக்குள் வந்து நான் வேலை செய்வதை முறைத்துப் பார்க்கும் அந்தத் தெருப் பூனை, அது குட்டி போடும்வரை உங்கள் பொறுப்பு சித்தப்பா என்று சொல்லிவிட்டுத்தான் நீ பஸ் ஏறினாய். சரி என்றேன். மூலையில் அட்டைப்பெட்டி, பழைய துண்டு, தண்ணீர் எல்லாம் வைத்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் கடையைத் திறந்தேன். கணக்கு டீச்சரம்மாவின் வாஷிங் மெஷினுக்கு முந்தின நாள் மாலைதான் புது பெல்ட் போட்டு ஓட்டிப் பார்த்திருந்தேன், பின்மூடி மட்டும் மாட்டவில்லை. வந்த வேகத்தில் மாட்டினேன், வேன்காரர் வந்து டீச்சரம்மா வீட்டில் இறக்குவதற்கு ரெடி என்று சீட்டு ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் எங்கிருந்தோ வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றி ஒரே கத்தல், பின்பக்கத்தை நகத்தால் பிராண்டுகிறது. பிரசவ வலி வந்துவிட்டது என்று முடிவு பண்ணிவிட்டேன். கையுறை போட்டுக் கூடையில் அமுக்குவதற்குள் கையுறையைத் தாண்டிக் கீறிவிட்டது. வண்டியில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். டாக்டரம்மா வயிற்றைத் தடவிவிட்டு, காலியா இருக்கேப்பா, குட்டி எங்கே என்றார். நேத்து வரைக்கும் இருந்துச்சு டாக்டர் என்றேன். நேத்து இருந்தது இன்னைக்கும் இருக்கணும்னு சட்டமா, பாலு கட்டியிருக்கு பாரு, விடியக்காலையில போட்டிருக்கு, சீக்கிரம் குட்டிங்களைத் தேடு, தாய்ச்சூடு இல்லாம தாங்காது என்றார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அது எதற்காக மெஷினைப் பிராண்டியது என்று. பின்மூடியை மாட்டும்போது நான் பெல்ட்டைப் பார்த்தேன், கீழே மோட்டார் பக்கம் குனிந்து பார்க்கவே இல்லை. அது இரை தேடப் போன நேரத்தில் குட்டிகளை உள்ளே வைத்து மூடிவிட்டேன். வேன்காரருக்குப் போன் போட்டால், அதெல்லாம் அரை மணிக்கு முன்னாடியே இறக்கிட்டேன் தம்பி, குழாயும் மாட்டியாச்சு, பிளக்கும் சொருகியாச்சு, டீச்சர் துணியை உள்ளே போட்டுக்கிட்டு இருந்தாங்க என்று பெருமையாகச் சொல்கிறார். டீச்சரம்மாவுக்கு நான்கு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. அந்த டிரம் சுற்றினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலிடுக்கில் கூடை, கூடைக்குள் சூப்பர்வைசர் ஊரையே கூட்டுகிறது, சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் யாரைக் கடத்திக்கிட்டுப் போறீங்க என்கிறார். உனக்கு என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

கதவைத் தட்டவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, நேரே குளியலறைக்குள் ஓடி பிளக்கைப் பிடுங்கினேன். டீச்சரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, மெஷினோடு வந்த புத்தகத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் பக்கம். படிக்கும்போது போனை எடுக்க மாட்டாராம். படிக்காம ஸ்விட்சைப் போட நான் என்ன உன்னை மாதிரியா என்றார். அவர் காலில் விழாத குறை. பின்மூடிக்குப் பன்னிரண்டு ஸ்க்ரூ. மற்றவர்களுக்கு ஆறோடு விட்டுவிடுவேன், டீச்சரம்மா எண்ணிப் பார்ப்பார் என்று பன்னிரண்டையும் முறுக்கியிருந்தேன், கழற்ற ஒவ்வொன்றும் ஒரு யுகம். மூடியை எடுத்தால் மோட்டாருக்குப் பக்கத்தில் நான்கு, கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக. கடைசி ஒன்று அசையவில்லை. டீச்சரம்மா தன் முந்தானையில் வைத்து அதைத் தேய்த்துக்கொண்டே, மூச்சு விடுடா, மூச்சு விடு என்று வகுப்பில் பதில் தெரியாத பையனை அதட்டுகிற மாதிரி அதட்டினார். விட்டது. கூடையைத் திறந்தேன், சூப்பர்வைசர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

இனிமேல் இடம் மாத்தாதே, நாலு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிறகு சூப்பர்வைசருக்குக் கருத்தடை ஆபரேஷன். அதுவரை டீச்சரம்மா வீட்டுத் துணியை நான் கடைக்கு எடுத்துப் போய்த் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுக்கிறேன், மடிப்பு கோணலாக இருந்தால் திருப்பி அனுப்புகிறார். உன் சித்தி, நம்ம வீட்டுத் துணியை ஒருநாளாவது இப்படி மடிச்சிருக்கியா என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, யாருக்கும் பயப்படாதே, எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது வீட்டுக்கு வருவதற்கு முன் டீச்சரம்மாவைப் பார்த்துவிட்டு வா, மறந்துவிடாதே. வாயில்லாத ஜீவனை இவன்கிட்ட நம்பி விட்டுட்டுப் போன புத்திசாலி யாருன்னு நேர்ல பார்க்கணுமாம்.

இப்படிக்கு,
கையில் சோப்பு நுரையோடு,
உன் சித்தப்பா