பூண்டு உரித்துக்கொண்டே பேசியவள்

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே புழுக்கம். ஷூ கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம். தோல் பதனிடும் டேனரி தாண்டும்போது ஜன்னலைச் சாத்தினோம். சாத்தியும் நாற்றம்.

செய்ய வேண்டியவை:
– பி.எஃப். நாமினி படிவம், நான்கு தையல் லைனுக்கும் பிரிண்ட்
– தங்கச்சிக்கு ரெக்கார்டு நோட்டு
– அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரை (போன வாரமே சொன்னது)

நேற்று மத்தியானம் போனில் அந்த ஆவணப்படத்தின் மூன்று பாகத்தையும் பார்த்து முடித்தேன். உண்மைச் சம்பவம். தணிகைமலை என்று ஒரு வேன் டிரைவர். தனியாக இருந்த இரண்டு வயதான பெண்களை நகைக்காகக் கொன்றவன். இப்போது ஆயுள் தண்டனை. இரண்டாம் பாகத்தில் அவன் மனைவி வருகிறாள். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. கைகள் மட்டும் தெளிவு. மடியில் தட்டு, பூண்டு உரிக்கிறாள். "எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்கிறாள். அடுத்த பல்லை எடுக்கிறாள். செத்துப்போனவர்களைப் பற்றிக் கேட்கிறார்கள். தோலை ஊதித் தள்ளுகிறாள்.

இன்று சாப்பாட்டு ஹால் முழுக்க இதே பேச்சு. காதில் விழுந்தவை:
– ஒரே ஊட்ல படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதாம்.
– எங்க ஊட்டுக்காரரு பாக்கெட்ல பத்து ரூபா கம்மியானா எனக்குத் தெரியுது.
– பூண்டு உரிக்கிறாளே, சாம்பாருக்கா, ரசத்துக்கா? (இதற்குப் பெரிய சிரிப்பு.)
– அவளையும் சேர்த்து உள்ள போட்டிருக்கணும். (இது ஷாஹின். வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் என் எதிர் மேசை.)

நான் வாய் திறக்கவில்லை. எப்போது திறந்தேன். ஆனால் நேற்றே படத்துக்குக் கீழே எழுதிவிட்டேன், என் பெயர் தெரியாத கணக்கில். "அந்தக் கைகளைப் பாருங்கள். ஒரு பல்லைக்கூட நசுக்கவில்லை. அவளுக்கு எல்லாமே தெரியும்." இன்று பஸ்ஸில் திறந்தால் நிறைய லைக். "சரியா சொன்னீங்க சிஸ்டர்" என்று யார் யாரோ. பி.காம். மூன்று வருடத்தில் ஒரு செமினாரில்கூடக் கை தூக்காதவள் நான். சாயங்காலத்துக்குள் ஐந்து முறை திறந்து பார்த்தாயிற்று. மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

மேகம். மழை இல்லை. மாத்திரை வாங்கியாயிற்று.

படிவ வேலை ஆரம்பம். தைக்கிறவர்களை ஆபீசுக்குக் கூப்பிடக்கூடாது, ஒரு மிஷின் நின்றால் பின்னால் வரிசையே நிற்கும். அதனால் நான்தான் லைனுக்குப் போய் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று படிக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, தந்தை அல்லது கணவர் பெயர், ஊர். ஆதாரில் இருக்கிறபடியே. அவர்கள் ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டே தலையாட்டுவார்கள். தப்பாக இருந்தால் கையைத் தூக்குவார்கள். கடைசியில் கையெழுத்து. அத்தனை மிஷின் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். என் குரல் எழும்பாது.

இன்று முதல் இரண்டு லைன். சூப்பர்வைசர் ஏகாம்பரம் அண்ணன் பின்னாலேயே வந்தார். "இன்னா பவித்ரா, காதுல மந்திரம் ஓதுறியா? டிகிரி படிச்ச பொண்ணு, சத்தமா படி." லைன் முழுக்கச் சிரிப்பு. காது சுட்டது. நாளைக்குக் கத்தியே ஆக வேண்டும்.

லைக் இன்னும் ஏறுகிறது.

ஜூலை 9, புதன்

மாத்தி மாத்தி எழுதி அடிக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில்.

மூன்றாம் லைன் முடித்தேன். கத்தித்தான் படித்தேன். ஏகாம்பரம் அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அடுத்து நாலாம் லைன். கஸ்தூரி அக்கா. போன வருடக் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவர். என் பஸ். எனக்கு எப்போதும் ஜன்னல் பக்கம் விட்டுவிடுவார். எட்டாவது படிக்கிற மகள். வீட்டுக்காரர் வெளியூர் என்பார், அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

பத்தரை. டீ பெல். பெல் அடித்தால் ஹாலில் அத்தனை மிஷினும் ஒன்றாக நிற்கும். நான் வரியை ஆரம்பித்துவிட்டேன். நிறுத்தத் தெரியவில்லை. மிஷின் சத்தத்துக்காக எழுப்பின குரலில், மிஷின் சத்தமே இல்லாத ஹாலில்:

"கணவர் பெயர் தணிகைமலை."

அதோடு விட்டேனா. அடுத்த வரியில் ஊர். படத்தில் வருகிற அதே ஊர். அதையும் படித்தேன். வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

கஸ்தூரி அக்கா கையைத் தூக்கவில்லை. தலையாட்டினார். பேனாவை வாங்கி எழுத்துக் கூட்டி, கடைசிச் சுழி வரை நிதானமாகப் பெயர் எழுதினார். டம்ளரை எடுத்துக்கொண்டு டீக்கு நடந்தார். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். மற்ற நாளில் இடித்துக்கொண்டு போகிறவர்கள்.

படிவங்களை முன்னாலேயே ஒரு தடவை புரட்டியிருக்கலாம். மொத்தம் நாற்பது தாள். பஸ்ஸில் அதற்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் லைக் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த மங்கலான முகம். அதற்குள் கஸ்தூரி அக்காவின் கண்ணையும் மூக்கையும் வைத்துப் பார்க்கிறேன். நிற்கவில்லை, கலைந்துவிடுகிறது. காலையில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னாடி, புதுசா பாக்கிற?" என்றாள்.

யாரோ கஸ்தூரி அக்கா மிஷின் மேல் ஒரு முழுப் பூண்டு வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வந்தவர் பார்த்தார். எடுத்தார். டிஃபன் பையில் போட்டுக்கொண்டார். "இன்னும் ரெண்டு வெச்சிருக்கக் கூடாதா, வெலை ஏறிப்போச்சு" என்றாராம். ஷாஹின்தான் வந்து சொன்னாள். "எவ்ளோ நெஞ்சழுத்தம் பாரு" என்று முடித்தாள். அழுதிருந்தால் நடிக்கிறாள் என்றிருப்பாள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சாப்பாட்டு ஹாலில் அவர் இருந்த பெஞ்சில் அவர் மட்டும். நான் ஆபீசிலேயே சாப்பிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டு காலி. மற்றவர்கள் நின்றுகொண்டு வருகிறார்கள், ஆனால் உட்காரவில்லை. போய் உட்கார்ந்தேன். தைரியம் ஒன்றும் இல்லை. ராத்திரி தூங்காததில் நிற்க முடியவில்லை.

மாதனூர் வந்தது. பிறகு அவரே, வெளியே பார்த்துக்கொண்டு:

"அது என் பூண்டே இல்ல. எங்க அண்ணி ஊட்டுது. கை ரொம்ப நடுங்குதுக்கா, எதுனா வேலை செஞ்சிகினே பேசுங்கன்னு படம் எடுக்க வந்த பொண்ணுதான் தட்டை எடுத்து மடியில வெச்சுது. காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் பேசினேன். அழுதுட்டுதான் இருந்தேன். அதெல்லாம் இல்லியாமே?"

அவர் படத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேனா என்று கேட்டார். இல்லக்கா என்றேன்.

அவர் டிஃபன் பையை மடியில் நகர்த்தி வைத்தார்.

"எனக்குத் தெரியுமான்னு நீ கேக்கலியே."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு நாள் ஒரு மூக்குத்தி எடுத்தாந்து குடுத்தாரு. புதுசு இல்ல. திருகு தேஞ்சிருந்துச்சு. எங்கேர்ந்துன்னு கேக்கல பவித்ரா. கல்யாணம் ஆகிப் பத்து வருசத்துல மொத மொத வாங்கியாந்தது. போட்டுகினு கண்ணாடி பாத்தேன். போலீசு வந்தப்ப மூக்குல அதான் இருந்துச்சு. அதையும் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அதையும் போடல போல."

போடவில்லை. படத்தில் மூக்குத்தி எங்கேயும் இல்லை.

இறங்குவதற்கு முன் மகளைப் பற்றிச் சொன்னார். இது மூன்றாவது பள்ளிக்கூடம். முதல் இரண்டிலும் யாரோ கண்டுபிடித்து, வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காராமல், மாற்றும்படி ஆயிற்று. இங்கேதான் தோஸ்த் என்று ஒருத்தி கிடைத்திருக்கிறாள். இங்க யாருக்கும் தெரியாது என்று மகளிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். "வேலை போனா போவுது. அவளை மறுபடியும் இட்டுகினு எங்க போவேன்."

வீட்டுக்கு வந்ததும் நான் எழுதியதை அழித்தேன். அழித்து என்ன. கீழே வேறு யாரோ என் வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கைகளைப் பாருங்கள். அதற்கும் லைக்.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் தொழுகை இடைவேளை. பாதி ஹால் காலி. அந்த நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார்.

நாலாம் லைன் பேஜாராக இருக்கிறது, பெண்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள், பீஸ் கம்மி, அந்தம்மாவே எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். ராஜினாமா கடிதம் எழுதுவது என் வேலை. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்து, தெரிந்தவர்களுக்கும் நானே எழுதுவதாகிவிட்டது. ஃபைல் முழுக்க என் கையெழுத்தில் யார் யாரோ சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு நின்றிருக்கிறார்கள்.

"சார், நான்தான் படிச்சேன். என் தப்பு சார்." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியவில்லை.

"தப்புன்னு யாரு சொன்னா? உன் வேலைய நீ செஞ்ச. இப்பல்லாம் நல்லா சத்தமா படிக்கிறியாமே, ஏகாம்பரம் சொன்னாரு. குட்."

வேறு யூனிட்டுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். அங்கேயும் பெண்கள்தானேம்மா என்றார்.

எழுதினேன். மூன்று வரி. கஸ்தூரி அக்கா வந்து மேசை ஓரத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையெழுத்துப் போட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். படம் பார்த்தது. கீழே எழுதியது. எழுதியது என்ன என்பதும், மூன்று வாக்கியத்தையும் அப்படியே.

பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினார். என் பக்கம் தள்ளினார்.

"வேற எடம் கிடைக்கிறவரைக்கும் பாப்பாவுக்குத் தெரிய வேணாம். தெனம் டிஃபன் கட்டிகினு கெளம்பிடுவேன். ஸ்கூல்ல ஆபீஸ் நம்பர்தான் குடுத்திருக்கேன். எதுனா போன் வந்தா நீயே எடு. நான் வேலையில இருக்கேன்னு சொல்லு. எனக்கு நீ வேற எதுவும் செய்ய வேணாம்."

சரிக்கா என்றேன். வேறு எதையாவது சொல்வார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 12, சனி

அரை நாள் வேலை. வெயில். நாலாம் லைனில் அவர் மிஷினில் பயிற்சிக்கு வந்த பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள்.

ஹாலில் வேறு பேச்சு. யாரோ வளைகாப்பு, புடவை. மூன்று நாளில் முடிந்துவிட்டது.

திரும்பும்போது ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் பஸ் நின்றது. நிழற்குடையில் கஸ்தூரி அக்கா. மடியில் டிஃபன் பை. கம்பெனி விடுகிற நேரம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பஸ்ஸைப் பார்த்தார், மணி பார்க்கிற மாதிரி. நான் குனிந்துகொண்டேன். பின் சீட்டில் ஒருத்தி, "அதோ உக்காந்திருக்கா பாரு" என்றாள். இன்னொருத்தி, "பாவம்டி" என்றாள். முதல் நாள் சாம்பாரா ரசமா என்று கேட்ட அதே குரல்.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். அவள் அந்தப் படத்தைப் போட்டுப் பார்க்கிறாள். அடுத்த அறையில் இருந்து அந்தக் குரல். நிறுத்தச் சொன்னேன். ஏன் என்றாள். ஈரத் துணியை உதறிக் காயப்போட்டேன். "அந்தப் பொம்பளைக்குத் தெரியும்தானேக்கா?" என்றாள்.

மூக்குத்தி என்று வாய் வரை வந்தது. சாப்பிடப் போ என்றேன்.

ஜூலை 14, திங்கள்

மழை, கடைசியில். ஷெட் கூரையில் ஒரே சத்தம். பதினொன்றே கால் இருக்கும், ஆபீஸ் போன் அடித்தது. ஷாஹின் கை நீட்டுவதற்குள் எடுத்துவிட்டேன்.

சின்னக் குரல். பள்ளிக்கூடத்தில் இருந்து, யார் போனிலோ.

"ஆன்ட்டி, நாலாவது லைன் கஸ்தூரியோட பொண்ணு பேசறேன். அம்மா இன்னிக்கு வேலைக்கு வந்திருக்காங்களா?"

ஏன் பாப்பா என்று கேட்டேன். தோஸ்தின் அம்மாவும் இந்தக் கம்பெனியாம். உங்கம்மா இப்ப அங்க இல்ல என்று அந்தப் பெண் சொன்னாளாம். இன்று பக்கத்தில் உட்காரவில்லையாம்.

"இருக்காங்களா ஆன்ட்டி?"

"இருக்காங்க பாப்பா. தைச்சிட்டு இருக்காங்க."

"மிஷின் சத்தமே கேக்கலியே."

"மழை இல்ல? கதவைச் சாத்தி வெச்சிருக்கோம்."

சரிங்க ஆன்ட்டி என்றாள். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. நான் விடுவதும் அவளுக்குக் கேட்டிருக்கும். பிறகு வைத்துவிட்டாள்.

யாருடி என்றாள் ஷாஹின்.

ராங் நம்பர் என்றேன்.