வடக்கே ஒரு வேலை, வழியெல்லாம் கடற்கரை

ஜூன் 14, சனி. ஒஸ்லோ

விடியலிலிருந்து மழை. குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தாயிற்று. இனிப் பை கட்ட வேண்டும்.

கொண்டு போக: மிளகாய்த்தூள், சிவப்பரிசி, பருப்பு, கட்டைச் சம்பல் ஒரு போத்தல். கம்பளிக் காலுறை, மழை அங்கி. நேர்முகத்துக்கு நீலச் சட்டை. மீன் வேண்டாம், போகிற இடமே மீன்தான். நீச்சலுடை.

நீச்சலுடையை இவர் கண்டுவிட்டார்.

"உது என்னத்துக்கு?"

"குளிக்க."

"வடக்குக் கடலிலையோ? உமக்கென்ன விசரே?"

வியாழன் நேர்முகம். லொஃபோத்தன் தீவுகளில் ஒரு சின்ன மருத்துவமனை. பிரசவப் பகுதிக்கு அனுபவமுள்ள மருத்துவிச்சி தேவையாம். இங்கே இத்தனை வருடமும் ஓட்டம்தான். ஒருத்திக்கு இடுப்பு வலி உச்சத்தில் நிற்கும்போதே அடுத்த அறையில் மணி அடிக்கும். அங்கே பிள்ளை கையில் வரும்வரை ஒரே ஆள் கூட இருக்கலாம். அதற்குத்தானே இந்தத் தொழிலுக்கு வந்தேன். வேலை எனக்குத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, தெரியும்.

தெரியாதது இவருடைய மனம். எங்கள் ஒப்பந்தம்: கிழமை முழுக்க, ஏழு நாளும், என்னோடு வந்து இடத்தைப் பார்ப்பது, பிறகு வருவதா இல்லையா என்று சொல்வது. நல்ல நல்ல கடற்கரைகளாகப் பார்த்து வைத்திருக்கிறேன். எந்த மனிதனும் அசைவான்.

ஆரணி துரொண்ட்ஹைமிலிருந்து தொலைபேசி எடுத்தாள். மகளுக்கு என் நம்பிக்கை இல்லை. "சீரியோஸ்ட், உண்மையாவோ அம்மா? அப்பா பக்கத்திலை இருக்கிற லில்லெஸ்ட்ரோம் தாண்டினாலே வீட்டை எப்ப போறது எண்டு கேப்பார்."


ஜூன் 15, ஞாயிறு. லொஃபோத்தன்

பூதோ வரை விமானம். அங்கே கார் எடுத்து, காரோடு கப்பல். இவர் கப்பலில் கண்ணை மூடி இருந்தார். நித்திரை இல்லை, பயம். பிறகு தூரத்தில் மலைகள் தெரிந்தன. கடலுக்குள்ளிருந்து நேரே எழும்பி, பல்லுப் பல்லாக, சரிவில் இன்னும் பனி. நான் மேல்தட்டில் நின்று வாயைத் திறந்தபடி பார்த்தேன். உள்ளே வந்து சொன்னேன். "ம்" என்றார்.

தங்குவது தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கிற சிவப்பு மரக்குடில். முந்தி மீனவர்கள் தங்கியது. வீட்டுக்காரி ரான்டி, நெட்டைப் பெண், கதைப்பது மழை மாதிரி. வடக்குப் பேச்சு எனக்கே பாதிதான் பிடிபட்டது. குடில் கதவின் திறப்பை இவர் கையில் வைத்து என்னவோ கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன்.

பருப்பும் சோறும். படுக்கும்போதும் வெளியே வெயில். ஜன்னலுக்கு இவர் போர்வையைக் கட்டினார்.


ஜூன் 16, திங்கள்

வெயில்! காற்றே இல்லை.

ஹவுக்லாண்ட் கடற்கரை. வெள்ளை மணல், பச்சைக் கண்ணாடித் தண்ணீர், பின்னால் கறுத்த மலை. படத்தில் பார்த்தபோது நிறம் கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. குறைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

எங்களைத் தவிர நாலைந்து பேர். இரண்டு நொர்வேஜியப் பெட்டைகள் கத்திக்கொண்டு கடலுக்குள் ஓடி, அதைவிடக் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் முழங்கால் வரை. கால் மரத்துவிட்டது. நாளைக்கு இடுப்பு வரை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பாணும் சம்பலும். வாசம் பிடித்தோ என்னவோ, தமிழ்நாட்டுச் சோடி ஒன்று வந்தது. கல்யாணமாகிப் புதுசு. "ஆன்ட்டி, ஒரு ஃபோட்டோ எடுத்துத் தர்றீங்களா? நீங்க ஸ்ரீலங்காவா? உங்க தமிழ் கேக்க சூப்பரா இருக்கு." இவர் அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டார். கார், வீட்டு விலை, கிரிக்கெட். வந்ததிலிருந்து என்னோடு கதைத்ததைவிட அவனோடு கதைத்தது கூட.

மலையைச் சுற்றி அடுத்த கடற்கரையான ஊத்தாக்லெய்வுக்கு நடந்தோம். அங்கே மணல் குறைவு, உருண்டைக் கற்கள், நடுவில் மேயும் செம்மறிகள். இவர் ஒரு கல்லில் இருந்து வெகுநேரம் கடலைப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு" என்றார். குறித்துக்கொண்டேன்.


ஜூன் 17, செவ்வாய்

காற்று, சாய்ந்த மழை. உன்ஸ்தாத் கடற்கரை. கறுப்பு உடுப்பில் அலைமேல் பலகையோடு ஆட்கள், நீர்நாய்கள் மாதிரி. நாங்கள் காருக்குள்ளேயே. கண்ணாடி துடைப்பான் ஒருபக்கம், எங்கள் சண்டை ஒருபக்கம்.

"இஞ்சை வந்து நான் ஆரோட கதைக்கிறது?"

"என்னோட."

"நீர் வேலைக்குப் போயிடுவீர்."

"நீங்களும் ஒரு வேலைக்குப் போங்கோவன்."

"அங்கை எங்கட பெடியள் இருக்கிறாங்கள். இஞ்சை ஆர்?"

இவர் வேலை செய்வது பாண் தொழிற்சாலையில். அடுப்பு வரிசையில் இவரோடு நிற்கிறவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம். வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று அரட்டை. அதை விட்டு வரச் சொல்வது பெரிய காரியம்தான், எனக்கும் விளங்குகிறது. ஆனால் பொறுமை போய்விட்டது.

"அப்ப நான் தனியா வாறன். ரெண்டு கிழமை இஞ்சை, ரெண்டு கிழமை அங்கை. கனபேர் அப்பிடிச் செய்யினம்."

இவர் துடைப்பானை நிறுத்தினார். கடல் மறைந்துபோனது.

கடலில் இறங்கவில்லை. வேலையை விடப் போவதில்லை. இவரையும் விடப் போவதில்லை. எப்படி என்றுதான் இன்னும் தெரியவில்லை.


ஜூன் 18, புதன்

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

க்வால்விகா. திமிங்கில வளைகுடா என்று பொருள். கார் போகாது. மலை முதுகின் மேல் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். சேறு, வழுக்குக் கல். இவர் முழங்காலைப் பிடித்துப் பிடித்து வந்தார், ஆனால் வந்தார். உச்சியில் நின்று கீழே பார்த்தோம். மலைகள் மூன்று பக்கமும் சுவராக, நடுவில் மணல், ஆளில்லை. நேற்றைய சண்டையை இருவரும் மறந்தோம்.

இறங்கிப் பாதி மணல் நடந்திருப்போம். ஓரப் பாறைப் பக்கம் ஒரு குரல். முதலில் பறவை என்று நினைத்தேன்.

ஒரு பெண், அறுபதைத் தாண்டியவர், நீச்சலுடையில், பாறை இடுக்கில். கடலில் குளித்துவிட்டு ஏறும்போது பாசியில் வழுக்கியிருக்கிறார். உதடு நீலம். வலது கால் வெளிப்பக்கம் திரும்பி, மற்றதைவிடக் கட்டையாகத் தெரிந்தது. பார்த்த உடனே விளங்கியது: இடுப்பெலும்பு. தலையிலும் வெட்டு, இரத்தம். பெயர் பெரித். திராமனிலிருந்து தனியாக வந்தவர்.

எங்கள் தொலைபேசிகளில் சிக்னல் கோடு விழவில்லை. அவருடையதிலும் இல்லை. வரும்போது மலை உச்சியில் எனக்கு ஆரணியின் செய்தி வந்து விழுந்தது நினைவுக்கு வந்தது.

"நீங்கள் மேலை ஏறி அம்புலன்சுக்கு, 113க்கு அடியுங்கோ" என்றேன்.

இவர் அசையவில்லை. "நீர் போம். நான் இவவைப் பாக்கிறன்."

"இரத்தத்தைக் கண்டால் விழுற ஆள் நீங்கள். இவவுக்கு உடம்பு விறைக்குது, நான் விட்டிட்டுப் போகேலாது."

"சுகந்தி, அவங்கள் சொல்லுறது எனக்கு விளங்காது. நான் சொல்லுறது அவங்களுக்கு விளங்காது. பிழையா ஏதும் சொல்லி, ஆள் செத்துப்போனால்?"

இத்தனை வருடத்தில் இவர் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. பல்வைத்தியரின் நேரத்தைக்கூட நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கூச்ச சுபாவம் என்று இருந்துவிட்டேன். முகத்தைப் பார்த்தேன். கூச்சமில்லை, பயம்.

"விளங்காட்டி மெல்லமாச் சொல்லச் சொல்லிக் கேளுங்கோ. திருப்பித் திருப்பிக் கேளுங்கோ. ஆனா போனை மட்டும் வையாதேங்கோ."

இவர் தன் மழை அங்கியையும் கம்பளி மேற்சட்டையையும் கழற்றி என் கையில் தந்தார். வெறும் சேர்ட்டோடு திரும்பி நடந்தார். பிறகு ஓடினார்.

நான் பழம் வெட்டக் கொண்டுவந்த கத்தியால் பெரித்தின் ஈர உடையை வெட்டி எடுத்து, இருந்த துணியெல்லாம் சுற்றினேன். காலை அசைக்கவில்லை. தலைக் காயத்தை என் சால்வையால் அழுத்திப் பிடித்தேன். காற்றுப் பக்கம் முதுகைக் கொடுத்து, அவரோடு ஒட்டிப் படுத்தேன். எங்கள் குடுவையிலிருந்த தேநீரைக் கேட்டார். கொடுக்கவில்லை, அறுவைச் சிகிச்சை வரலாம். கோபித்தார். கோபம் நல்லது, கோபிக்கிற உடம்பு இன்னும் விடவில்லை. பேச வைத்துக்கொண்டே இருந்தேன். பிரசவ அறையில் பேசுகிற அதே குரல் தானாக வந்தது. கணக்குப் படிப்பித்த ஆசிரியையாம்.

மலையிலிருந்து முகில் இறங்கியது. உச்சி மறைந்தது.

"உன் கணவர் கெட்டிக்காரரா?" என்று கேட்டார்.

"ஓம். கட்டாயம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார்" என்றேன். என் குரலில் தளம்பல் இல்லை. இவர் வழுக்கி விழுந்திருந்தால்? அழைத்து, பயத்தில் வைத்துவிட்டிருந்தால்? பெரித்தின் நடுக்கம் நின்றது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, விறைப்பு முற்றினால்தான் நடுக்கம் நிற்கும். கன்னத்தில் தட்டி வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் சத்தம் கேட்டது. மலைக்குப் பின்னாலிருந்து இல்லை, கடல் பக்கமிருந்து. ஹெலிகொப்டர்.

மணல் கண்ணில் அடித்தது. இருவர் இறங்கி ஓடிவந்தார்கள். நான் சொன்னேன், அவர்கள் செய்தார்கள். வேலை வேலையாக முடிந்தது. பெரித் என் விரலை விடவில்லை, பிரித்துத்தான் ஏற்றினார்கள். மருத்துவர் போகும்போது கத்திச் சொன்னார்: "அழைத்தவர் இடத்தைச் சரியாகச் சொன்னார், பாறை எந்தப் பக்கம் என்பதுவரை!"

இவர் பிறகுதான் வந்தார். கோடு விழுகிற இடத்தை விட்டு அசைய வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவைத்திருந்தார்களாம். நனைந்து, சேறாகி, பல்லு அடித்துக்கொண்டு. கட்டிப்பிடித்தேன். கடற்கரையில், பட்டப்பகலில். இவரும் தள்ளவில்லை.

காரில் வெப்பத்தை முழுக்கப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"முதல் ஒண்டும் விளங்கேல்லை. மெல்லமாக் கதையுங்கோ எண்டன். போனிலை இருந்த பிள்ளை மெல்லமாக் கதைச்சுது. இடுப்பெலும்புக்கு நொஸ்கிலை, அவங்கட பாஷையிலை, என்னெண்டு தெரியேல்லை. காலும் உடம்பும் சேருற இடம் எண்டு சொன்னன். ஹொஃப்தெயோ எண்டு கேட்டுது. ஓம், அதுதான், ஹொஃப்தெ எண்டன்."

கொஞ்ச தூரம் போனபின்:

"எங்கட ஆக்கள் இல்லையெண்டு மட்டுமில்லை, சுகந்தி. இஞ்சை வந்தால் நான் ஊமையாப் போயிடுவன் எண்டு பயந்தனான்."

நான் காரை ஓட்டினேன். சொல்ல வேண்டியதை இவரே சொல்லியாயிற்று.


ஜூன் 19, வியாழன்

மப்பு வானம். நீலச் சட்டை. தோள்மூட்டு வலி, நேற்றுப் பாறையில் கிடந்ததால்.

நேர்முகம் நன்று. மூன்று பேர். புயலில் ஹெலிகொப்டர் வராத நாளில் சிக்கலான பிரசவம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். எதற்கு முந்தியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், எதற்கு அனுப்பாமல் நானே பார்ப்பேன், எதில் தயங்காமல் மருத்துவரை எழுப்புவேன். மூவரில் இளையவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நான் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்றைய கதையை நான் எடுக்கவில்லை. அது அவர்களுக்கு முதலே தெரிந்திருந்தது, சின்ன இடம்.

ஒரு கேள்வி மட்டும் முள். "குடும்பமும் வருமா?" உண்மையைச் சொன்னேன்: நான் வருவேன், மற்றது முடிவாகவில்லை.

பெரித்துக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்ததாம். அவரே அழைத்தார், மயக்கம் தெளியாத குரலில். தேநீர் தராததை மன்னிக்க மாட்டாராம்.

வெளியே வந்தால் இவரைக் காரில் காணவில்லை. துறைமுகத்தில் ஒரு மீன்காரரோடு நின்றார். கையை ஆட்டி ஆட்டிக் கதை. கிட்டப் போகாமல் நின்று கேட்டேன். இலக்கணம் இல்லை, நடுவில் தமிழ், நடுவில் சைகை. அந்த மனிதரும் சிரித்துக்கொண்டு நின்றார். இவர் கூடையில் பெரிய கொட் மீன் ஒன்றோடு வந்தார்.

"சும்மா தந்தவர். தலையை எறியாதேங்கோ, சூப்பு வையுங்கோ எண்டு சொல்லுறார். எங்களுக்குச் சொல்லித் தாறார்!"

ஆரணியிடம் இவர் கதை சொன்னதைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் மலை உயருகிறது. அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். "அப்பா, டு எர் ரோ" என்றாள். நீங்கள் பலே ஆள் என்ற மாதிரி.

கொட் மீன் குழம்பு. தலை சூப்பு.


ஜூன் 20, வெள்ளி

வெயில், குளிர்காற்று. நாளைக்குக் கப்பல்.

ராம்பர்க். நீளமான வெள்ளை மணல், ஓரத்தில் சின்னச் சிவப்புக் குடில். ஆளே இல்லை. இன்றைக்கு விடுவதில்லை என்று இறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு. மூச்சு நின்றது. கத்தினேன். பிறகு நெஞ்சு வரை. உடம்பு நெருப்பாக எரிந்து, பிறகு லேசாகிப் போனது. பனி மலையைப் பார்த்துக்கொண்டு கடலில் நிற்கிறேன், ஐம்பத்தொரு வயதில்! நீந்தினேன்.

கரையைப் பார்த்தால் இவர் என் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒற்றைக் கையை ஆட்டுகிறார். பிறகு குனிந்தார். முழங்காலில் நின்று விரலால் மணலில் என்னவோ கிறுக்குகிறார்.

"சுகந்தி! ஓடி வாரும்! ஆஸ்பத்திரி!"

"என்னவாம்?"

"எனக்குச் சொல்லமாட்டினமாம், உம்மட்டைத்தானாம்! இந்த நம்பருக்கு உடனை எடுக்கட்டாம்! ஆனா அந்த மனுசி சிரிச்சுக் கதைச்சுது!"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எப்ப வரலாம் எண்டு அவ கேக்கமுதல் நானே சொல்லிப்போட்டன். ரெண்டு பேரும் வாறம், ஓகஸ்ட் முடிய வாறம் எண்டு!"

தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் ஒரு அலை ஓடியது. இவர் கையால் அணை கட்டப் பார்த்தார். கடைசி இரண்டு இலக்கங்களையும் அது துடைத்துக்கொண்டு போனது.

நான் திறந்த வாயோடு நின்றேன். இவர் நிமிர்ந்து, மணல் ஒட்டிய கையைக் காற்சட்டையில் துடைத்து, அந்த இரண்டையும் சொன்னார். நொஸ்கில்.