தினமும் ஹெவன்வர்ட் போகிறவர்கள்

வாழவந்தி நாடு,
1936, ஆவணி மாதம் 12ஆம் தேதி

ரங்கூனில் இருக்கும் என் கண்ணு மாதேஸ்வரனுக்கு அப்பன் எழுதுவது. நானும் உன் அம்மாளும் தங்கை அம்சவேணியும் ஆளுக்கொரு கை வீங்கி வற்றியதைத் தவிர மற்றபடி சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். கை வீங்கிய விஷயத்தை வேறு யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன் சாமி.

பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்த அம்சவேணி, மலைப்பாதையில் அந்த வழுக்குப்பாறையில் சறுக்கி விழுந்துவிட்டாள். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. இனியும் பொறுக்க முடியாது, பாறையில் படி வெட்டித் தரச்சொல்லி சர்க்காருக்கு மனுப் போடுவோம் என்று ஊர் கூடி முடிவு செய்தது. இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பு என்று நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னே போய் நின்றேன். மேலே ஏறுகிறோம் என்பதற்கு வெறும் 'அப்' என்று எழுதினால் நோஞ்சானாகத் தெரிந்தது. நீ அனுப்பிய அகராதியைப் புரட்டினேன், 'ஹெவன்வர்ட்' என்று ஒன்று அகப்பட்டது, வானத்தைப் பார்க்க, மேல்முகமாக என்று பொருள் போட்டிருந்தது. நம் மலைக்கென்றே செய்த வார்த்தையாகப் பட்டது. எங்கள் ஜனங்கள் தினமும் ஹெவன்வர்ட் போகிறார்கள், கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூடப் போகிறார்கள், மழைக்காலத்தில் மிகவும் அவஸ்தைப்பட்டுப் போகிறார்கள், ஆகையால் நாங்கள் சுலபமாகப் போய்ச்சேர ஐயா அவர்கள் உடனே வழி செய்ய வேண்டும் என்று எழுதி, ஊரார் கைநாட்டோடு அனுப்பிவிட்டேன்.

படித்தவர்கள் அதைச் சொர்க்கத்துக்குப் போவதாக எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கெப்படித் தெரியும்? பத்தாம் நாள் ஒரு டாக்டர், இரண்டு கம்பவுண்டர், பெட்டி பெட்டியாக ஊசிமருந்து. மலையில் காலரா என்று பதறி ஓடிவந்திருக்கிறார்கள். வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்த உன் அம்மாளிடம் டாக்டர், "ஏம்மா, தினம் எத்தனை பேர் போறாங்க?" என்று கேட்டிருக்கிறார். இவள் பாதையில் போகிறவர்களைக் கேட்கிறாரென்று, "சும்மா நாள்ல பத்துப் பேருங்க, சந்தை நாள்னா அம்பது பேருகூடப் போவாங்க" என்றாளாம். டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார். உங்கள் வீட்டில் யாராவது என்று மெதுவாகக் கேட்க, "எங்க ஊட்டுக்காரரு நாளைக்குப் போறாருங்க, மொளகு மூட்டையெல்லாங் கட்டி வெச்சாச்சு, பொழுது சாயத் திரும்பி வந்துருவாரு" என்றாளாம்.

பிறகு என்னைக் கூப்பிட்டு மனுவைக் காட்டி விளக்கினார். எனக்கு முகம் செத்துப்போயிற்று, அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். ஆனால் கொண்டுவந்த மருந்தைத் திருப்பிக்கொண்டு போகமாட்டேன் என்று ஊர் முழுக்க ஊசி போட்டுவிட்டார். அம்சவேணியைப் பார்த்து, வயிற்றில் குழந்தை சௌக்கியம் என்றார். ஊர்க்கவுண்டர் குப்புசாமி மட்டும் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பாசாமி, உன்ற இங்கிலீசு எங்க கையில ஏறிருச்சு" என்று இன்னும் புலம்புகிறார்.

இறங்கும்போது அதே பாறையில் டாக்டர் சறுக்கி, பாதித் தூரம் கால்சட்டையாலேயே போய்ச்சேர்ந்தார். கீழேயிருந்து, "படி வந்துரும்யா!" என்று கத்தினார். சொன்னபடியே அவர் எழுதிப்போட்டு, கல்தச்சர்கள் வந்துவிட்டார்கள். இதுவரை பதினோரு படி ஆயிற்று.

நீ குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகாதே. அறப்பளீஸ்வரர் உன்னைக் காப்பாராக. டாக்டருக்கு நன்றி சொல்லி இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன், உன் அம்மாள் பேனாவைப் பிடுங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டாள். அதனால்தான் இது பென்சிலில் இருக்கிறது. மறக்காமல் வேறு பேனா ஒன்று அனுப்பு, அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பன்,
அப்பாசாமி