எ என்றால் ஏழு

ஐப்பசி 20, வியாழன்

விடாத தூறல். துணி காயவில்லை. முழங்கால் வலி. கரண்ட் வந்து வந்து போகிறது.

காலையிலேயே அக்கா போன். அத்தானுக்கு முதுகுப் புண் ஒருவழியாக ஆறிவிட்டதாம். பக்கவாதம் வந்து படுத்த மனிதர். போன வருஷம் வெள்ளம் வரும் என்று பயந்து, வேனில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெள்ளம் வரவில்லை. அலைச்சலில் புண்தான் வந்தது. "ஏளா, நிச்சயமாத் தெரிஞ்சாச் சொல்லு. இல்லன்னா இங்கனயே கெடக்கோம்" என்றாள். ஆற்றங்கரைத் தெருவில் கடைசி வீடு அவளுடையது.

அதற்காகத்தான் கம்ப்யூட்டரில் நான் எழுதியிருக்கும் இந்தப் புரோகிராம். நான் கணக்கு டீச்சராக இருந்தபோது என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர், புலவர் ஐயா, மேற்கே சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கிறார். அங்கே ஆற்று மண்டபத் தூணில் அடிக்குறி உண்டு. தண்ணீர் எந்தக் குறியில் நிற்கிறது என்று அவ்வப்போது போனில் அனுப்புவார். புரோகிராம் அதைப் படித்து, தண்ணீர் எட்டைத் தொட்டால் அக்கா போனிலும் வேன்காரர் சுடலை போனிலும் மணி அடிக்க வேண்டும். நாள் முழுக்க நானே பார்த்துக்கொண்டிருக்க இந்தக் கண்ணால் ஆகாது.

மாத்திரை வாங்க. கேஸ் பதிய. குடைக்கம்பி.

ஐப்பசி 21, வெள்ளி

மழை கூடுதல். புலவர் 1, 2, 3 போடமாட்டார், தமிழ் எண்தான். இன்று ௬ என்று வந்தது. நான் புரோகிராம் எழுதும் பைத்தான் மொழி அதை ஆறு என்று சரியாகவே எடுத்துக்கொண்டது. தமிழ் இலக்கமும் அதற்குத் தெரியும் என்றதும் அவருக்கு ஏகச் சந்தோஷம். பிறகு எதற்கு மாற்ற வேண்டும், வந்தபடியே வைத்துக்கொள்ளலாமே என்றார். வருவது எண் இல்லை ஐயா, எண்ணின் எழுத்து. கோலத்தில் போட்ட பூவில் தேன் இருக்காது என்றேன். எழுத்தாகவே ஒப்பிட்டால் அகராதி வரிசைதான். ஒன்றில் தொடங்குவதால் பத்து, எட்டுக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.

ஒரே தொல்லை. நடுநடுவே "காலை வணக்கம்" போடுகிறார். அதை எண்ணாக மாற்ற முடியாமல் புரோகிராம் நின்றுபோகிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் ஓட்டிவிட வேண்டும். அலுத்துவிட்டது. எண் அல்லாதது வந்தால் விட்டுவிடு, பழைய எண்ணையே வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். அப்புறம் நிற்கவில்லை.

ஐப்பசி 23, ஞாயிறு

கொட்டுகிறது. மணிமுத்தாறு அணை திறந்தாச்சு என்கிறார் பால்காரர். புலவரின் போன் மழையில் நனைந்து போய், மருமகள் வேறு போன் கொடுத்திருக்கிறாள்.

மதியம் சாப்பிட்டு அசந்துவிட்டேன். எழுந்தபோது கம்ப்யூட்டர் திரையில் அதே ஆறு அடி. அப்பாடா. டீ போட்டேன். சும்மா போனை எடுத்துப் புலவர் செய்திகளைப் பார்த்தேன்.

எ. அ. மறுபடி அ.

ஏழு, எட்டு, எட்டு. மணி அடிக்கவே இல்லை.

ஐப்பசி 24, திங்கள்

பெரியாஸ்பத்திரி பெஞ்சில் இருந்து. அத்தானுக்குக் காய்ச்சல், நெஞ்சு நிறையச் சளி. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

நேற்று நான் கூப்பிட்டபோதே தெருமுனையில் தண்ணீர். வேன் உள்ளே போகவில்லை. சுடலையும் எதிர்வீட்டு ஆட்களும் கட்டிலோடு தூக்கியிருக்கிறார்கள், இடுப்பளவு தண்ணீரில். ஓரிடத்தில் கட்டில் சரிந்து அவர் கழுத்துவரை நனைந்துவிட்டார்.

அக்கா திட்டவில்லை. "மணி அடிக்கல்லியே, அதான் ஒண்ணுமில்லன்னு சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

புலவரிடம் பேசினேன். புதுப் போனில் இலக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எழுத்தையே தட்டியிருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைத்தானுக்கு ஒன்று இலக்கம், மற்றது வெறும் உயிரெழுத்து. காலை வணக்கத்தோடு சேர்த்து அதையும் விட்டுவிட்டது.

"எ-ன்னா ஏழுதானே டீச்சர்? க, உ, ங, ச-ன்னுதானே பிள்ளையளுக்கு இத்தன வருசம் எழுதிப் போட்டேன்" என்றார். 

உங்கள் தப்பு இல்லை என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், நேற்று வந்தவன் இன்றும் வந்திருப்பான் என்று போட்டுக்கொள்வேனா? அதைத்தான் அந்த வரியில் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

எழுத்து, இலக்கம் கதையை அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.  பிளாஸ்கில் வெந்நீர் தீர்ந்துவிட்டது என்றாள்.

ஐப்பசி 27, வியாழன்

வெயில். ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். கஞ்சி இரண்டு வாய் இறங்கியது. என்னைப் பார்த்து அத்தான், "கணக்கு டீச்சர்" என்றார், குழறலாக. கேலியா? கேலிதான். 

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை நீக்கினேன். எ, அ மாதிரி எழுத்துகளை இலக்கமாக எடுத்துக்கொள்ளச் செய்தேன். அதற்கும் அடங்காதது வந்தால் என் போனில் மட்டும் மணி. உடனே யாரையும் தூக்க வேண்டாம், நான் எழுந்து பார்ப்பேன். சோதிக்கப் புலவர் "நலமா" என்று அனுப்பினார். மணி அடித்தது. தெரிந்திருந்தும் தூக்கிவாரிப் போட்டது.

ஐப்பசி 28, வெள்ளி

மறுபடி மூட்டம். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். என் வீட்டுக்கு வா என்றால் அக்கா கேட்கவில்லை. ஆற்றங்கரையில்தான் அவருக்குத் தூக்கம் வருமாம். "மிஷின் பாக்கட்டும். நீயும் பாரு" என்றாள். 

மாலையில் புலவரிடமிருந்து செய்தி. புரோகிராம் மூன்று என்றது. நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தண்ணீர் மூன்றில் நிற்கிறது, பயம் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

"எந்த மூணு? எழுத்தா, இலக்கமா?" என்றாள். சிரிக்கவில்லை.