கையை உயர்த்த இயலாத நிலை

அன்புள்ள தூணுக்கு,

பசை எழுதுவது. எனக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் அசையாமல் நின்ற உனக்குத் தூண் என்றும், பந்தைக் கீழே விடாத கீப்பர் எனக்குப் பசை என்றும் யார் பெயர் வைத்தார்களோ, இன்றுவரை அதுதான் நிலைத்திருக்கிறது. அண்ணிக்கு என் வணக்கம். அவருடைய இடமாற்ற உத்தரவு ரத்தானது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். எனக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை. மாடிக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

போனை எடுத்துப் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். பேசினால் நீ நடுவில் ஏதாவது கேலி சொல்வாய், நான் சிரித்துவிடுவேன். முப்பது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. இந்த முறை சிரிக்க விருப்பமில்லை.

அணிப் பட்டியல் வந்த மறுநாள் என் சின்னவளுக்குக் கிரிக்கெட் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கையெழுத்து உதவிச் செயலாளருடையது. முகாமுக்குப் போகும் பதினைந்து பேரில் அவள் இல்லை. காரணம் வலது தோளில் காயம். 'அன்றாட வேலைகளுக்கே கையை உயர்த்த இயலாத நிலை' என்று தேர்வுக் குழுவுக்கு நம்பகமான தகவல் கிடைத்திருக்கிறதாம். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு பந்துவீசும் கையை நேராக மேலே தூக்கி, அந்தக் காகிதத்தை ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல எவ்வளவு உயர்த்தணுமாம்?" என்று அவள் அம்மாவைக் கேட்டாள்.

நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடியும் மடித்தேன்.

அந்த வரி எங்கிருந்து போனது என்று உனக்கும் எனக்கும் தெரியும். பட்டியலுக்கு முந்தின வியாழக்கிழமை நீ போன் செய்து, "சின்னவ எப்படிடா இருக்கா?" என்று கேட்டாய். நனைந்த பந்தில் பத்து ஓவரையும் ஒரே மூச்சில் போட்டதில் தோள் பிடித்துக்கொண்டது, ஒரு வாரம் தலை பின்னக்கூடக் கை தூக்க முடியவில்லை, வேறு ஆள்தான் பின்னிவிட வேண்டியிருந்தது என்றேன். அதெல்லாம் சரியாகிவிட்டது, கடைசி இரண்டு ஆட்டத்தில் ஏழு விக்கெட் என்றும் சொன்னேன். முதல் பாதி உன் குழுவின் தாளில் ஏறிவிட்டது. இரண்டாம் பாதியைக் காணோம்.

உன்னிடம் சலுகை கேட்டு இதை எழுதவில்லை. சந்தேகம் இருந்தால் அவளைக் கூப்பிட்டுக் குழுவுக்கு முன்னால் ஆறு ஓவர் போடச் சொல்லியிருக்கலாம். கை வரவில்லை என்றால் அவளே பையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். அவளுக்கு இருபத்தெட்டு ஆகிறது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று யாரும் சொல்கிற வயது இல்லை.

உன் இடது முழங்காலை நினைத்துப் பார். அரையிறுதிக்கு முந்தின நாள் காலை நீ படியில் பக்கவாட்டாக இறங்கினாய். மேனேஜர் என்னைத் தனியே இழுத்து, "அவனுக்கு என்னடா, நண்டு மாதிரி நடக்கிறான்?" என்று கேட்டார். புது ஷூ கடிக்கிறது என்றேன். மறுநாள் நூற்றுப் பன்னிரண்டு அடித்தாய். அதன் பிறகு பதினோரு பருவம் ஆடினாய். நான் செய்தது சரியா என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் உன்னைக் கேட்காமல் உன் வலியை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

நீ தேசிய அணியின் வாசல்வரை போய்த் திரும்பியவன். நான்கு தடவை உன்னைச் சேர்க்காமல் விட்டார்கள். நான்கு தடவையும் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாய். கடைசித் தடவை, ஆட்டம் முடிந்து திரும்பிய ரயிலில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு, "நான் அந்தத் தேர்வுக் குழு நாற்காலியில உக்காந்தா, விடுபட்டவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் மூஞ்சியப் பார்த்துச் சொல்வேன்டா" என்றாய். "அப்படியே சாப்பாட்டுக்கும் சொல்லிட்டுப் போ" என்று கீழேயிருந்து நம் ஸ்கோரர் குரல் கொடுத்தார். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் நீ சொன்னதை நம்பினேன்.

சின்னவள் யாரைச் சந்தேகப்பட்டாள் தெரியுமா? மறுமுனையிலிருந்து பந்துவீசுகிற பெண்ணை. வெளியூர் ஆட்டங்களின்போது விடுதி அறையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது அந்தப் பெண்தான். இவள் இடத்தில் வந்திருப்பதும் அவள் பெயர்தான். வேறு என்ன நினைப்பாள்? "தலையைப் பின்னிக்கிட்டே காலை வாரிட்டாம்மா" என்றாள். ஏழு வருடச் சிநேகம். போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. 'உன் பேரு எங்கயும் வராது, நான் பாத்துக்கறேன்' என்று நீ செய்தி அனுப்பியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதி வந்தது. என் மகள் ஒரு தப்பும் செய்யாத பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் நான்கு நாள் அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். கேட்டைத் திறக்காமல் வெளியே நின்றாள். கையில் ஒரு உறை. "எனக்கு அந்த இடம் வேணாம்டி. வரலைன்னு எழுதிட்டேன். ஆனா நான் சொல்லல. அதை மட்டும் நம்பு" என்றாள். சின்னவள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் அந்த உறையைச் சங்கத்தில் கொடுத்துவிட்டால் இரண்டு பேருடைய வருடமும் போய்விடும். நான் வாசலுக்கு வந்து, இருவருக்கும் கேட்கிற மாதிரி, பெரியப்பாவிடம் சொன்னது நான்தான் என்றேன்.

அந்தப் பெண் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சின்னவள் வெளியே வந்து அவள் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். என்னைத் தாண்டித்தான் போனாள், என்னைப் பார்க்கவில்லை. "இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க இந்த வாயை?" என்று அவள் அம்மா கேட்டாள்.

மாலையில் திரும்பி வந்தவள் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னைக்குப் பெரியப்பா எங்க இருந்துப்பா பேசினாரு? வீட்டுல இருந்துன்னா பேசினது என் பெரியப்பா. சங்கத்துல இருந்துன்னா, அது தேர்வுக் குழுத் தலைவர்."

தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை.

நான் யோசித்துப் பார்க்கிறேன். நீ பேசும்போது பின்னால் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒருவர், "சார், உங்களுக்குச் சர்க்கரை போடவா?" என்று கேட்டார். அண்ணி உன்னை சார் என்று கூப்பிடுவதில்லை. ஆனால் அன்று உன் வீட்டுக்கு விருந்தாளிகள் யாராவது வந்திருக்கலாம். வந்தவர்களில் ஒருவர் காபி கலந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வரி எழுதிப் போடு. வீட்டிலிருந்துதான் என்றால், சின்னவளை நானே அழைத்துக்கொண்டு வருகிறேன். சங்கத்திலிருந்து என்றால் பதில் வேண்டாம். எங்கள் தெருவுக்குத் தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார். இந்த மாதம் முடியும்வரை பார்ப்பேன்.

நீயும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும். அதை மனதாரத்தான் எழுதுகிறேன். பொய் மட்டும் எழுதிவிடாதே. நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

உன் பக்கத்திலேயே நின்று ஆடிய,
பசை