கை கழுவும் நேரம்

1959 ஜூலை 6, திங்கள்

விடியலிலிருந்தே மழை. எதிர்மலை தெரியவில்லை. தொப்புள்கொடிக் கத்தரிக்கோல், நூல் எல்லாம் வேகவைத்தாயிற்று. பஞ்சு குறைவு, தோட்டத்து டொக்டரையாவிடம் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் மறுபடியும் மறந்துவிட்டேன்.

போன மாதம் செல்லம் நான் பார்த்த பிரசவத்தில் போனாள். பிள்ளை பிழைத்தது. அவளுக்குத்தான் உதிரம் நிற்கவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வருவதற்குள் எல்லாம் முடிந்தது. "ஒங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று டொக்டரையா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். புத்திக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. பிள்ளைத்தாய்ச்சி யாராவது மருந்தறை வாசலில் நின்றால் போதும். நடுக்கம். நெஞ்சடைப்பு. அதன்பின் வந்தவர்களையெல்லாம் டிக்கோயாவுக்கே அனுப்பிவிட்டேன்.

இன்று வந்தது செல்லத்தின் தங்கை பாக்கியம். நிறைமாதம். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முடியவில்லை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் ஓடினேன்.

மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் ஊசியாய்க் குத்தியது. சவர்க்காரம். சுண்டுவிரலிலிருந்து தேய்க்கத் தொடங்கினேன். குளிர் முதலில் எங்கே பிடிக்கிறது, நகக்கண்ணிலா, மணிக்கட்டிலா? ஏனோ அதையே கவனித்துக்கொண்டிருந்தேன். நுரை. விரல். தண்ணீர் விழும் சத்தம். வேறெதுவும் இல்லை. நிமிர்ந்தபோது நடுக்கம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியோடு போய் அவள் வயிற்றில் கை வைத்தேன். தலை கீழே. துடிப்பு நல்ல துடிப்பு.

"என்னங்கம்மா, கை இப்பிடிச் சில்லுன்னு இருக்கு!" என்று நெளிந்து சிரித்தாள்.

ஜூலை 8, புதன்

தூறல். கம்பளி காயவே இல்லை.

மலைப்பாதையில் நடக்கும்போது நெஞ்சடைப்பு வந்தது. நின்றேன். பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரே ஒரு இலை, அதன் நுனியில் ஒரு துளி. விழும்வரை பார்த்தேன். விழுந்தது. மூச்சு வந்தது.

சாயந்தரம் அரிசி களையும்போது அதே வழி பலிக்கவில்லை. அழுகைதான். அழுது முடித்து அரிசியைக் களைந்தேன். சரி, எப்போதும் பலிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பாக்கியத்திடம் டிக்கோயாவுக்குப் போகச் சொன்னேன். மாட்டாளாம்.

"அக்கா கைய கடைசி வரைக்கும் விடாம புடிச்சிருந்தீங்க. நான் அங்கனதான நின்னேன்? எனக்கும் நீங்கதான் வேணும்."

பேருக்கு இரும்புச்சத்து மருந்து ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூலை 10, வெள்ளி

ஆண்டவரே, நன்றி. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் போன கையோடு பாக்கியத்தின் மாமியார் ஓடிவந்தார். "வலி கண்டுருச்சுங்கம்மா!" டொக்டரையாவிடம் ஒரு வார்த்தைதான் சொன்னேன். தோட்டத்து லொறியை பாக்கியத்தின் லயத்து வீட்டுக்குக் கீழேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். டிரைவரை இறங்கக்கூட விடவில்லையாம். நல்ல மனுஷர்.

உச்சிப்பொழுதுக்குப் பெண் பிள்ளை. உடனே அழுகை. அப்புறம் நஞ்சுக்கொடிக்குக் காத்திருக்கும் நேரம். உதிரம் வந்தது. கண் இருட்டியது. செல்லத்தின் முகம் அப்படியே முன்னால். பாதத்துக்குக் கீழே தரையின் குளிரைத் தேடினேன். குதிகால், விரல்கள். ஒரு மூச்சு முழுதாக. பிறகு இந்தப் பாயில் கிடப்பவளைப் பார்த்தேன். செல்லம் இல்லை, பாக்கியம். உதிரம் எல்லோருக்கும் வருகிற அளவுதான். நஞ்சுக்கொடி முழுதாக வந்தது. அடிவயிற்றைத் தேய்த்துவிட்டேன். கல்போல இறுகியது.

"ஏம்மா, ஒங்களுக்கு வேர்க்குது?" என்றாள் பாக்கியம்.

"ஒண்ணுமில்ல, படு."

லொறி வெறுமனே திரும்பிப் போகும் சத்தம். இவ்வளவு இனிமையாக ஒரு லொறிச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஜூலை 14, செவ்வாய்

வெயில்! லயம் முழுக்கத் துணி காய்கிறது. மண்ணெண்ணெய் வாங்கியாயிற்று.

தாயையும் பிள்ளையையும் பார்க்கப் போனேன். காய்ச்சல் இல்லை. பால் நன்றாக இறங்கிவிட்டது. தொப்புளுக்கு மருந்து வைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் செல்லத்தின் புருஷன். தோளில் அவள் விட்டுப்போன ஆண் குழந்தை, கம்பளித் துண்டுக்குள். டின் பால் ஒத்துக்கொள்ளாமல் மெலிந்துபோயிருந்தான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எழுந்து கிளம்பப் பார்த்தேன்.

"இருங்கம்மா" என்றார். "பாக்கியந்தான் கொண்டாரச் சொல்லுச்சு. ரெண்டுக்கும் குடுக்குறேன்னு. கொஞ்சம் பாருங்க, குடிக்கிறானான்னு."

குழந்தையை என் கையில் கொடுத்தார். நான் பாக்கியத்தின் மடியில் வைத்தேன். முதலில் முகத்தைத் திருப்பினான், முனகினான். பிறகு பிடித்துக்கொண்டான். அவன் விழுங்குவது நன்றாகக் கேட்டது.